ரன்னிங் மாமுவுக்கு லிப்ட் வேண்டாம்

ராயபுரம் சரித்திரத்திலேயே காரணமில்லாமல் ஓடிய மனிதர் ஒருவர்தான். அவர் ரன்னிங் மாமு. எங்கள் பக்கம் ஒருவன் ஓடினால் அவனுக்கு முன்னால் ஒரு பஸ் இருக்கும், இல்லாவிட்டால் பின்னால் ஒரு போலீஸ் இருக்கும். குறைந்தபட்சம் தெருமுனையில் தண்ணி லாரியாவது வந்திருக்கும். இது எதுவுமே இல்லாமல், அரை டிராயரும் பனியனுமாக ஒரு மனுஷன் விடிகாலையில் எண்ணூரைப் பார்த்து ஓடினால் ஊர் என்னதான் நினைக்கும்?

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஃபின்லாந்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பு. அவருடைய மனைவி எண்ணூர் முகத்துவாரத்து இறாலைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். எங்கள் மாடி போர்ஷனில்தான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். காலையில் கத்திவாக்கம் போய், இறால் பிடிக்கிற பெண்களோடு இடுப்பளவு சேற்றில் நின்றுவிட்டு சாயங்காலம் திரும்புவாள். இறாலை நாங்கள் எறா என்போம். அதனால் அவள் எறா டீச்சர் ஆனாள்.

மாமுவுக்கு இங்கே படிப்பும் இல்லை, வேலை பார்க்க விசாவில் வழியும் இல்லை. பெண்டாட்டி படிக்கிற ஊரில் புருஷன் என்ன செய்வார், பாவம். சமைத்தார், துணி துவைத்தார், காசிமேட்டில் மீன் வாங்கினார். மிச்ச நேரத்துக்கு ஓடினார்.

முதலில் வம்பு கிளப்பியது ஓட்டம் இல்லை, துணிதான். எறா டீச்சரின் சேற்றுப் பேண்டை மாமு மாடியில் அலசிப் பிழிந்து காயப்போடுவதைத் தெருப் பெண்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததோடு விட்டோமா? வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சுதான். "அவரும் ஆம்பளதான், நீயும் ஆம்பளதான்" என்று நானே என் வீட்டில் ஆரம்பித்து வைத்தேன். இரண்டாம் நாள் எதிர்வீட்டு ஆட்டோ ஆரோக்கியம் மாடியை அண்ணாந்து பார்த்துக் கெஞ்சினான்.

"மாமு, நீ தோய்ச்சிக்கோ, நான் வேணாங்கல. ஆனா அந்தாண்ட பக்கமா காய வையேன். எங்க வூட்ல ஒரே பேஜாரா கீது."

மாமு யோசித்தார். அவர் எதற்கும் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். "அந்தாண்ட வெயில் இல்ல நைனா," என்றார்.

இந்தத் தமிழைக் கற்றுக்கொடுத்ததே ஆரோக்கியம்தான். அதனால் மாமுவுக்கு ஊரில் எல்லோரும் நைனா. நானும் நைனா. அக்கா என்று சொல்லுங்கள், நான் பொம்பளை என்று பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "சரி நைனா," என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊரில் பஸ் ஸ்டாப்பில்கூட ஒருவரை விட்டு ஒருவர் நாலு முழம் தள்ளித்தான் நிற்பார்களாம். தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது மரியாதை இல்லையாம். அப்படிப்பட்ட மனிதர் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்ததைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மீன்குழம்பு கொடுக்க மாடிக்குப் போனபோது எறா டீச்சர் எனக்கு இங்கிலீஷில் ஓட்டத்தின் கதையைச் சொன்னாள். மாமு அவர்கள் ஊர் மாரத்தானுக்காக வருஷக்கணக்கில் பழகிக்கொண்டு இருந்தாராம். அந்தச் சமயம் பார்த்து இவளுக்கு இங்கே படிக்க இடம் கிடைத்தது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை, "அங்கே ஓடிக்கொள்கிறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பி, மறுபடி திருவொற்றியூர் போய்த் திரும்பினால் கணக்குச் சரியாக வரும். அவள் படிப்பு முடிந்து ஊருக்குப் போவதற்குள் அதை ஓடி முடிக்க வேண்டும்.

"ஒரு தபா," என்று மாமு விரலைக் காட்டினார். "நிக்காம."

கேட்க ரொம்பச் சின்ன ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நடந்து போகிறவனைப் பார்த்தால் வண்டிக்காரன் நிறுத்தி, வருகிறாயா என்று கேட்பான். ஓடுகிறவனைப் பார்த்தால் கேட்கவே மாட்டான், பிடித்து ஏற்றிவிடுவான்.

முதல் தடவை தண்டையார்பேட்டையில் அவரைப் பிடித்தவன் ஆரோக்கியமேதான். "ஓடிகினு போற அளவுக்கு இன்னா மாமு அவசரம், நான் செத்தா பூட்டேன்?" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, எண்ணூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். மாமு ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். இரண்டாம் தடவை எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் லாரி அவருக்காக நடுரோட்டில் நின்றது. மாமு ஏற மாட்டேன் என்கிறார், டிரைவர் விட மாட்டேன் என்கிறார். பின்னால் துறைமுகம் வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டன. கடைசியில் போக்குவரத்துக் காவலர் வந்து மாமுவை இடுப்பில் கைகொடுத்து லாரியில் ஏற்றித்தான் ரோட்டைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் தடவை திருவொற்றியூரில் ஒரு சாவு ஊர்வலம் குறுக்கே வந்தது. ஒதுங்கிப் போகத்தான் பார்த்திருக்கிறார். தூரதேசத்திலிருந்து துக்கத்துக்கு ஓடிவந்திருக்கிறார் என்று நினைத்து யாரோ கையில் மாலையைக் கொடுத்துவிட்டார்கள். மாலையை வாங்கிய பிறகு எப்படி ஓடுவது? சுடுகாடு வரைக்கும் போய்விட்டு, தலையெல்லாம் பூவிதழோடு மத்தியானம் வீடு வந்தார்.

"செத்தது யாரு?" என்று கேட்டேன்.

"தெரியல நைனா. நல்ல மனுசனாம்."

இது சரிப்படாது என்று நான் களத்தில் இறங்கினேன். வெள்ளை டீ-சர்ட் ஒன்றை வாங்கி, முதுகில் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதினேன். கையெழுத்து என்னுடையது, வாசகம் ஆரோக்கியத்தினுடையது: "லிப்ட் வேணாம். நல்லா கீறேன்."

அன்றைக்கு அவர் காசிமேட்டைத் தாண்டவில்லை. அதைப் படித்தவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். லிப்ட் ஏன் வேண்டாம், யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று விசாரணை. மீன்கார அம்மா ஒருத்தி அவர் கையை விடவே இல்லை. "எங்க மேல இன்னா நைனா கோவம்?" என்று கேட்டுக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அதற்குள் எறா டீச்சர் படிப்பும் முடிந்தது. டிக்கெட் போட்டுவிட்டார்கள். மாமு மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டு இருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

"எல்லாம் நல்ல ஜனம் நைனா," என்றார். "அதான் பேஜாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேராக ஆரோக்கியத்திடம் போனேன். மனைவிக்காக ஓட்டத்தை விட்டுவிட்டு வந்த மனுஷன், நம்மால் இங்கேயும் ஓடாமல் ஊருக்குப் போகப்போகிறார், நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "உடு யக்கா, ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கிறேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் மாமு முன்னால் ஓட, ஆரோக்கியத்தின் ஆட்டோ பின்னால் உருண்டது. உள்ளே தண்ணீர் பாட்டில்களோடு எறா டீச்சரும் நானும். யாராவது வண்டியை மெதுவாக்கினால் போதும், ஆரோக்கியம் தலையை வெளியே நீட்டிவிடுவான்.

"ஏத்தாதப்பா, ஏத்தாத. அவரு வேணும்னேதான் ஓடுறாரு."

சேதி போனில் எங்களுக்கு முன்னால் ஓடியது. திருவொற்றியூரில் ஜனங்கள் ரோட்டோரம் நின்று, இழுக்கத் துடிக்கிற கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தர் தாங்க முடியாமல் பைக்கை உதைக்க, அவர் தம்பி சாவியைப் பிடுங்கிக்கொண்டான். எண்ணூர் போனோம், திரும்பினோம். வெயில் ஏறியது. மறுபடி திருவொற்றியூர் போய், கடைசித் திருப்பமும் திரும்பினோம். மாமு ஒரு தடவைகூட நிற்கவில்லை. எறா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

காசிமேடு தாண்டியதும் ஆட்டோ இருமிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து முதல் கியரிலேயே உருட்டினால் அதுதான் என்ன செய்யும்? சத்தம் நின்றதும் மாமு திரும்பிப் பார்த்தார். நின்ற இடத்திலேயே கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ போ மாமு," என்று ஆரோக்கியம் கத்தினான். "இன்னும் கொஞ்சம்தான் கீது. நிக்காத."

"போங்க, போங்க," என்று நானும் கத்தினேன்.

மாமு எங்கள் தெருப் பக்கம் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். ஆரோக்கியம் இறங்கி ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்துத் தள்ளுவதைப் பார்த்தார். வழக்கம்போல் யோசிப்பார் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை. எங்களை நோக்கி ஓடிவந்து ஆட்டோவைச் சுற்றிப் பின்னால் போய், இரண்டு கையையும் வைத்தார்.

"நீ ஹேண்டில் புடி நைனா."

நான் இறங்கப் போனேன். "நீ குந்து நைனா," என்றார். என் எடையை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவ்வளவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, அந்த மனுஷன் எங்கள் தெருவரைக்கும் ஓடினார். தெருவே உதவிக்குப் பாய்ந்து வந்தது. "எவனும் கை வெக்காத," என்று ஆரோக்கியம் அழுதுகொண்டே ஹேண்டிலைப் பிடித்திருந்தான்.

தெருமுனையில் மாமு ஆட்டோ நிழலில் மல்லாந்து விழுந்தார். இது சேர்த்தியா இல்லையா என்று உடனே பஞ்சாயத்து கிளம்பியது. எறா டீச்சர்தான் தீர்ப்புச் சொன்னாள். அவள் தெருவில் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"நிக்கல."

அந்த வாரமே போய்விட்டார்கள். போன மாசம் ஒரு போட்டோ வந்தது. இரண்டு பக்கமும் பனி, நடுவே ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு, தடி ஸ்வெட்டருக்கு மேல் நான் எழுதிய டீ-சர்ட்டோடு மாமு. கூடவே அவர் குரலும் வந்தது.

"நைனா, தெனம் ஓடிகினு கீறேன். யாருமே நிறுத்தல. பேஜாரா கீது."

ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கேட்டான், மறுபடி போடச் சொல்லிக் கேட்டான். பிறகு துணியை எடுத்து ஆட்டோவின் பின்சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

"யக்கா, அந்த ஊருக்கு ஆட்டோ போவுமா?"

போகாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.