பதில் தட்டாத சுவர்

சமூக மண்டபம் (மண்சரிவு முகாம்),
பதுளை.

மதிப்புக்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு, நானும் உங்கள் தங்கை ராசம்மாவும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவள் எட்டிப் பார்த்து, “பொய் எழுதாதீங்க” என்கிறாள். ஆகவே கொழும்பில் நீங்களாவது சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

நாளை நொத்தாரிசிடம் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், வாங்கப்போகும் வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று போனில் சொன்னீர்கள். பார்த்தோம். பார்க்காமலே இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா ஓய்வுபெற்ற கிளார்க், யாழ்ப்பாணத்தில் மகளிடம் போகப் போகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரு விளக்கம் தயாராக வைத்திருக்கிறார். தரை மட்டமா என்று பார்க்க நீங்கள் சொன்னபடி எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது குசினியைத் தாண்டிப் பின்வாசலால் இறங்கிப் போயே விட்டது. எங்கள் எல்லாரிலும் தெளிவாக முடிவெடுத்தது அதுதான். “கழுவினால் தண்ணி நிக்காதெல்லோ, அதுக்காகத்தான் சரிச்சுப் போட்டது” என்றார். குழாயைத் திறந்தால் சத்தம் மட்டும் வந்தது. “முதல் காத்து வரும், பிறகு தண்ணி வரும்” என்றார். பிறகும் காற்றுதான் வந்தது. பக்க அறைக் கதவின் புதுப் பூட்டைக் காட்டுகிறேன் என்று எங்களையும் உள்ளே வைத்து இழுத்துச் சாத்தினார், கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஜன்னலில் கம்பி. கத்திப் பார்த்தோம், ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. அப்போதுதான் ராசம்மா போய்ச் சுவரைத் தட்டினாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக்கொண்டு நின்றாள். “ஆரைக் கூப்பிடுறியள் அம்மா? அங்கால பலாமரந்தான் நிக்குது” என்று ஐயா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தோட்டத்து லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் காம்பரா அறைகளில் நமக்கு எல்லாமே நடுச்சுவர்தானே மச்சான். உப்பு வேண்டுமா, பிள்ளைக்குக் காய்ச்சலா, ஒரு தட்டு. அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு தட்டு. போன கார்த்திகை மழையில் மேட்டு மண் இறங்கியபோதும் அடுத்த காம்பரா விஜயலெட்சுமி தட்டித்தான் நாங்கள் எழுந்து ஓடினோம். ஓடின ஓட்டத்தில் ராசம்மா திருப்பித் தட்டவில்லை. விஜயலெட்சுமி வெளியே வரவேயில்லை. பதில் வரட்டும் என்று தட்டிக்கொண்டே நின்றிருப்பாள் என்று இவள் சொல்கிறாள். நான் என்ன சமாதானம் சொல்வது?

கடைசியில் பாண் ரொட்டி விற்க வந்த ஆட்டோக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்ததும், “தட்டினா கேக்க ஆளில்லாத வீடு எனக்கு வேணாங்க” என்றுவிட்டாள். ஆகவே வீடு வேண்டாம் என்பது முடிவு. நொத்தாரிசிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டுச் சுவர்களையும் கதவுக் கைப்பிடிகளையும் மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னராசா

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. தாளை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன், மறந்துவிடுங்கள். இன்று காலை கையெழுத்து வைத்தாயிற்று. விடியும்போதே ராசம்மா புறப்பட்டு நின்றாள். “வேணாம்னியே?” என்றேன். “இங்க தட்டுறதுக்குச் சுவரே இல்லீங்களே” என்றாள். மண்டபத்தில் எங்களுக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் தொங்குகிறது. பால் காய்ச்சக் கட்டாயம் வாருங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பக்க அறையில்தான் படுக்கை, கதவைச் சாத்த மாட்டோம். அவள் சுவரைத் தட்டுவாள். எவ்வளவு தூக்கமாக இருந்தாலும் திருப்பித் தட்டிவிடுங்கள் மச்சான்.