எருசலேமில் ஒளித்து வைத்த ஷூ

செருப்பு விஷயத்தில் நான் பயந்தவன். ஒத்துக்கொள்கிறேன். களக்காட்டில் எங்கள் கோயில் வாசலில் (வேதக்காரர்கள் நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம்) மூன்று ஜோடி பறிகொடுத்தவன். தோட்டத்தில் வாழைத்தார்கூட அப்படித் திருடு போனதில்லை.

சபையோடு எருசலேம் போனோம், நானும் என் மனைவி எஸ்தரும். அவளுக்கு ஒரே ஆசை. ஆண்டவரின் கல்லறைக்குள் ஒரு நிமிஷம் முழங்கால் போட வேண்டும். எனக்கு, மருமகன் வாங்கித் தந்த வெள்ளை ஷூ காலைக் கடிக்காமல் இருந்தால் போதும்.

முதல் நாள் காலை. சிவப்புக் குடையோடு ஒரு வழிகாட்டி முன்னால் நடந்தார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, எங்கள் ஐயர் (பாதிரியார்தான்) தமிழில் சொன்னார். சுவரெல்லாம் பழசு. சந்தெல்லாம் படி. எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்.

“பையை எங்கயும் விட்டுட்டுப் போகக்கூடாதாம்.”

இங்கேயும் திருடன் உண்டு என்று புரிந்துகொண்டேன்.

கல்லறைக் கோயில் முற்றம் வந்தது. எல்லோரும் செருப்போடு போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஷூவைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, மூலைத் தூணுக்குப் பின்னால் செருகினேன். (வீட்டுச் சாவியைக்கூட அவ்வளவு நேர்த்தியாக ஒளித்ததில்லை.)

வரிசையில் நின்றோம். ரெண்டு மணிக்குப் பஸ் புறப்பட்டுவிடும், அதற்குள் பார்த்தால்தான் உண்டு என்றார் ஐயர். முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது விசில். போலீஸ் எல்லோரையும் முற்றத்துக்கு வெளியே தள்ளி, கயிறு கட்டியது.

“எவனோ பையை வச்சிட்டுப் போயிட்டானாம். குண்டா இருக்குமோன்னு பாக்காங்க” என்றார் ஐயர்.

“வெளங்காத பய. இவனால நான் உள்ள போவ முடியாமப் போவுதே” என்றாள் எஸ்தர்.

நான் ஒரு காலை மறு காலுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவள் தூணுக்குப் பின்னால் தெரிந்த பையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ஏங்க, அது நம்ம ஜவுளிக்கடை பை மாதிரில்லா இருக்கு.”

“மாதிரிதான்.”

“தமிழ்ல எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கட்டும்.”

மெதுவாக என் காலைப் பார்த்தாள்.

“ஷூவ எங்க வச்சிய?”

“பத்திரமாத்தான் இருக்கு.”

சுற்றி ஆறு போலீஸ், துப்பாக்கியோடு.

எஸ்தர் விஷயத்தைச் சொன்னதும் ஐயர் தலையில் கை வைத்தார். வழிகாட்டி குடையை மடக்கிவிட்டுப் போலீஸிடம் போனார். கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே அழைத்தார்கள். எஸ்தர் என் சட்டையை விடவில்லை. அவளும் வந்துவிட்டாள்.

ஒரு போலீஸ்காரர் பையை அவிழ்த்தார். ஷூவை எடுத்து, லேஸை முழுக்க உருவி, உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். போடு என்று கை காட்டினார். போட்டேன். லேஸ் கட்டத் தெரியாது. ஊரில் மருமகன் போட்ட முடிச்சை அவிழ்க்காமலே இத்தனை தூரம் வந்திருந்தேன். சும்மா நின்றேன். அவர் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளி, குனிந்து, இரண்டு காலுக்கும் கட்டிவிட்டார். பல தேசத்தார் போட்டோ எடுத்தார்கள்.

கயிற்றை அவிழ்த்தார்கள். கூட்டமெல்லாம் வெளியே. உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். எஸ்தர் ஓடினாள். மூட்டுவலிக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முதல் ஆளாகக் கல்லறைக்குள் போய் முழங்கால் போட்டாள். நானும் குனிந்து நுழைந்தேன். கை தானாக லேஸுக்குப் போனது.

“கழத்துனியன்னா தெரியும்” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

எங்களுக்கு முன்பே கதை ஊர் வந்து சேர்ந்துவிட்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நான் செருப்பைக் கழற்றினால் மற்றவர்கள் தங்கள் செருப்பைத் தள்ளி வைக்கிறார்கள்.

“அண்ணாச்சி செருப்பு வே. எட்டி நில்லும்.”

யாரோ அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிடுகிறார்கள்.

போடட்டும். நாலாவது ஜோடி இன்னும் திருடு போகவில்லை.