ஏழு உலையிலும் உருகாத கருநாகம்

விமலேஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று நாளாக வரம்பு கட்டிய இடுப்பு. மழை இறங்கிவிட்டது, விதைக்கவேண்டும். அறையைத் திறந்தாள். விதைநெல் மூட்டை இரண்டும் இல்லை. அந்த இடத்தில் சிவப்புத் துணியில் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்று இருந்தது.

"கருநாகம்," என்றார் புருசன் கதிர்காமநாதன். "சித்தரிட்டை நெல்லைக் குடுத்து வாங்கினனான். இனி யானை எங்கட வயலை எட்டியும் பாராது."

"ஓம், பாராதுதான். விதைக்காத வயலுக்கு யானை என்னத்துக்கு வரப்போகுது? நான் கட்டின வரம்பைப் பாக்கவோ?"

கருநாகம் கைபேசி விளையாட்டொன்றில் வரும் உலோகம். அந்த மாய உலகத்தில் அதை வைத்திருப்பவனை எந்த மிருகமும் அண்டாது. ஏழு உலையிலும் அது உருகாது. முள்ளியவளையில் பாதி ஆண்கள் அதற்காக மாதக்கணக்காய்த் திரையில் மலை உடைத்தார்கள். சொந்த வேலிக்கு ஒரு கட்டை நட நேரமில்லை! ஒருவருக்கும் கிடைக்கவில்லை. உலோகச் சித்தருக்கு மட்டும் கிடைத்தது. அதுவும் திரையில் அல்ல, சந்திக்குப் பின்னால் தகரக் கொட்டிலில், குவியலாக. சித்தர் காசைத் தொடமாட்டார். காசு பாவமாம். விதைநெல் புண்ணியமாம்.

விமலேஸ்வரி கட்டியோடு சித்தரிடம் போனாள். கதிர்காமநாதனும் பின்னால் போனார். றோட்டு வரைக்கும் சனம். உழவு இயந்திரப் பெட்டிகளில் கொடுக்கக் கொண்டுவந்த நெல். ஒரு பக்கம் அன்னதானப் பொங்கல் கொதித்தது. சித்தர் கைபேசியைத் தூக்கிக் கருநாகப் படத்தைக் காட்டினார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, இது உருகாதெல்லோ?"

"ஏழு உலையிலும் உருகாது, தங்கச்சி."

"ஏழு வேண்டாம். ஒண்டு காணும்."

இரும்புக் கரண்டியில் கட்டியை வைத்துப் பொங்கல் அடுப்புக்குள் தள்ளினாள். கறுப்புப் பெயின்ற் பொரிந்து நாறியது. கொஞ்ச நேரத்தில் கருநாகம் தண்ணீராய்க் கரண்டியில் ஆடியது.

"பொம்பிளைக் கை பட்டுக் கோவிச்சிட்டுது!" என்று கத்தினார் சித்தர்.

"அப்ப உங்கட கையால ஒண்டை வையுங்கோ."

சித்தர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

வரிசைக் கடைசியில் நின்ற நாயாற்று மீனவர் யாக்கோப்பு முன்னால் வந்து கரண்டியைப் பார்த்தார். பிறகு சித்தரைப் பார்த்தார். "அட கோதாரி! வலைக்குக் கட்டுற ஈயமெல்லே இது! டேய் ராசு, கடல் தொழிலுக்குப் போறன் எண்டெல்லோ என்னட்டை வாங்கினனீ! இதோடா தொழில்?"

"எங்கட நெல் எங்க?" என்றார் கதிர்காமநாதன். அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

சித்தராயிருந்த ராசு பொங்கல் பானையைக் காட்டினான். மிச்சத்தை நெல் ஆலைக்காரன் காசு கொடுத்துக் கொண்டுபோய்விட்டான். ஏற்கெனவே சாப்பிட்டு ஏவறை விட்டவர்கள் வயிற்றைத் தடவினார்கள். இந்தப் போக விதை உள்ளே இருந்தது.

விளையாட்டில் இன்னொரு உலோகம் வரும். இன்னொரு சித்தரும் வருவார். கும்பிடுமுன் வீட்டு அடுப்பை ஒருமுறை மூட்டிப் பாருங்கள். மூளையையும் மூட்டினால் விறகு மிச்சம்.

விமலேஸ்வரியின் வயல் வெறுமையாய்க் கிடக்கிறது. சித்தர் சொன்னதுபோல யானை வரவேயில்லை. ராசு அவளுக்கு இரண்டு மூட்டை விதைநெல் தரவேண்டும்.