ரெட்டியார்பாளையத்தில் ஊட்டிப் புல்

மொட்டை மாடியைப் பிடித்தே தீருவது என்று சித்திரை பிறந்த அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஹாலை டிவி சீரியல் எடுத்துக்கொண்டது. படுக்கையறையைத் தையல் மிஷின் எடுத்துக்கொண்டது. மின்துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனுஷனுக்கு, சாயங்காலம் ஒரு நாற்காலி போட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காற்று வாங்க ஓர் இடம் வேண்டாமா?

அந்த மாடியையும் வடகம் எடுத்துக்கொண்டது.

எங்கள் பாண்டி வடகத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுந்து சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, நாள் கணக்கில் வெயிலில் காயவைப்பார்கள். தாளிக்கும்போது தெருவே மணக்கும். காயும்போது தெருவே மூக்கைப் பொத்தும். என் மனைவி நிர்மலாதேவி எங்கள் வீட்டுக்கு மட்டும் போட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். பக்கத்து வீட்டு ஜிசேல் மதாம், பிரான்சில் இருக்கும் மகளுக்கு, அக்காவுக்கு, அக்காவின் சம்பந்திக்கு என்று வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு போகிறார். பாரீஸ் மணப்பதற்கு நான் நாற வேண்டுமா?

கொதித்துப் போய்த்தான் திட்டம் போட்டேன். மாடி முழுக்கப் பிளாஸ்டிக் புல்! புல் விரித்துவிட்டால் அது தோட்டம். தோட்டத்தில் எவளாவது வெங்காயம் காயப்போடுவாளா?

"நிர்மலா! மாடியில புல்லு போடப் போறேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எந்த ஆட்டுக்கு?"

"எனக்குடி!"

"அப்ப சரி."

"இன்னா சரி? நான் உன்ன கேக்கல, சொல்றேன். இனிமே மேல ஒரு வெங்காயச் சருகு பறக்கக் கூடாது!"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"போடுங்க. ஆனா நம்மூரு வெயிலுக்குன்னு சாதா ரகம் இருக்குதாம், அத வாங்குங்க. மலைப் பக்கம் போடற ரகம் ஒண்ணு இருக்குதாம். அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"நமக்கெதுக்குங்க அவ்ளோ ஒசத்தி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒசத்தியானது எனக்கு ஆகாதாமா? நேரே பாண்டியிலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்துக்குப் போய், புல் குடோன் வைத்திருக்கும் தேவதாஸின் மேஜையைத் தட்டினேன்.

"மலைக்குப் போடற ரகம் இருக்குதா?"

"இருக்குது சார். ஊட்டியில ஓட்டல் மாடிக்கெல்லாம் போடறது. ஆனா பாண்டிக்கு..."

"ஊட்டியில குளிருமில்ல?"

"குளிரும் சார். அதுக்காவத்தான் இதுக்கு அடியில..."

"பேசாத! அதையே போடு!"

ஊட்டிக்குப் போகும் புல் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? இதை எனக்கு விளக்க ஓர் ஆளா?

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். மாடியைக் கூட்டி, சுருள்களை விரித்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கத்தியால் நறுக்கி, இணைப்புகளுக்குப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். மாடி பச்சைப்பசேல் என்று கிடந்தது. சாயங்காலம் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெற்றி வீரனாக ஏறி, வெறுங்காலை வைத்தேன்.

தோசைக்கல்! ஒரு காலைத் தூக்கினால் மறுகால் வெந்தது. அதைத் தூக்கினால் இது வெந்தது. நாற்காலி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

பக்கத்து மாடியிலிருந்து ஜிசேல் மதாம் கை தட்டினார். "முசியே கண்ணையன், டான்ஸ் நல்லா வருதே!"

பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் புல் வெயிலை விடவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாற்காலிக்கு அடியிலிருந்து அனல் அடித்தது. காற்று வாங்கப் போனவன் இட்லி மாதிரி வெந்து இறங்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஏறிப் பார்த்தால் என் வெள்ளை வேட்டிகள் எல்லாம் புல்மேல் விரித்துக் கிடக்கின்றன. வேட்டி முழுக்க வடகம்!

"இன்னாடி இது? என் புல்லு! என் வேட்டி!"

"ஏறி வராதீங்க, கால் பொத்துப்போவும். மேல வெயிலு, அடியில அனலு. என்னமா காயுது பாருங்க! போன வருசத்துல பாதி நாளுகூட ஆவாது."

"மெர்சி முசியே!" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் அடுத்த மாடி மதாம். "பிளேன் ஏறறதுக்குள்ள காயுமான்னு கவலையா இருந்துச்சு. இன்னும் ரெண்டு தாம்பாளம் குடுத்து அனுப்பறேன்."

அந்த வாரமே தெருவில் பாதி வடகம் என் தோட்டத்துக்கு வந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. தேவதாஸிடம் பாய்ந்தேன்.

"யோவ், எரியற அடுப்பயா வித்த எனக்கு?"

"சார், உங்களுக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனாங்களே! நீங்க புல்லு வெளம்பரத்த வெட்டித் தலைகாணி அடியில வச்சிருக்கறதா சொன்னாங்க. எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு, எது ரொம்ப சூடாவும்னு கேட்டாங்க. மலை ரகந்தான், அடியில கறுப்பு ரப்பர் இருக்குது, குளிருக்காவ சூட்ட புடிச்சி வச்சிக்கும்னேன்."

"அத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"எங்க சார் சொல்ல உட்டீங்க? அம்மா அப்பவே சொல்லிட்டாங்க, 'நீங்க அவருகிட்ட ஒண்ணும் பேச வேணாம். அந்த ரகம் வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்'னு."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேனோ! வாசலிலேயே கத்தினேன். "நாளைக்குக் காலையில மொதல் வேல, அந்தப் புல்ல பேத்தெடுக்கப் போறேன்!"

நிர்மலா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "கண்டிப்பா பேத்துடுங்க. நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவள் சொல்லி நான் செய்வதா? இன்று வரை ஒரு புல்லைக்கூட நான் பிடுங்கவில்லை.