அரை அங்குல ஆத்தா

தேவானந்தம் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மொசைக்கில் ஒட்டவைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் மினுங்கவில்லை.

"ஏங்க, கிடைச்சாளா?" என்றாள் அவர் மனைவி சரிதா, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"கிடைச்சுதான்னு கேளு. கிடைச்சாளான்னு கேட்டா எனக்குப் பயமா இருக்கு."

பயப்பட நியாயம் இருந்தது. கட்டப்போகும் கட்டடங்களை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையிலும் தெர்மாகோலிலும் மாதிரி செய்து கொடுப்பது தேவானந்தத்தின் பிழைப்பு. மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டு ஹால்தான் பட்டறை. சரிதா ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து மரம் செய்வாள். இப்போது இந்தப் புரமோட்டர் ஆபீஸ் மேசைமேல் இருப்பது, பொத்தேரியில் இரண்டு ஏக்கரில் வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதிரி.

நிலம் ஜெயவேலுவுடையது. நெல் விளைந்த பூமி. அதன் மூலையில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் நாலடிச் சூலம். அந்தச் சூலம்தான் ஜெயவேலு குடும்பத்தின் குலதெய்வம் முத்தாலம்மன். "எத்தினி மாடி வேணா கட்டிக்கோ. ஆத்தா எடத்துல கை வெச்சே, கைய எட்த்துடுவேன்" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அது தெரியாமல் முதலில் வந்த ஆர்க்கிடெக்ட் அந்த மூலையில் ஜெனரேட்டர் ரூம் வரைந்துவிட்டார். ஜெயவேலு அவருடைய லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். அந்த ஆர்க்கிடெக்ட் இப்போது கோயமுத்தூரில் இருக்கிறார். சென்னை நம்பர் என்றால் போனை எடுப்பதில்லை.

ஆகவே தேவானந்தம் ரொம்ப கவனமாக, மெல்லிய செப்புக் கம்பியில் அரை அங்குலச் சூலம் செய்து மாதிரியில் நட்டார். அத்தோடு விட்டார்களா? போன வாரம் ஜெயவேலு பூசாரியோடு தாம்பரத்துக்கே வந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, "ஆத்தா எறங்கிட்டா. இனிமே இது கம்பி இல்ல, சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் கருவாடு கூடக் கிடையாது. ஹாலைத் தாண்டும்போது தேவானந்தம் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

மாதிரியைப் புரமோட்டர் ஹேமநாத்தின் பொத்தேரி ஆபீசில் கொண்டுவந்து வைத்து இரண்டு நாளாகிறது. நேற்று மதியம் வரை ஆத்தா இருந்தாள். இன்று காலை ஏழரைக்குக் கடைசியாகத் தூசி தட்ட வந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தால், மரத்தடியில் ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது.

சின்னச் சாமான்களைத் தொலைப்பது தேவானந்தத்துக்குப் புதிதல்ல. ஒரு கார், பல்லாவரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சரிதாவின் கொண்டையிலிருந்து கிடைத்தது. ஒரு கதவு, காபி டம்ளரின் கடைசி வாயில் கிடைத்தது. ஆனால் சாமியைத் தொலைத்தது இதுதான் முதல் தடவை.

"உனக்குக் கற்பூர வாசனை வருதா?"

சரிதா மோந்து பார்த்தாள். "ஆமாங்க. லேசா வருது. இங்க பாருங்க, ஓட்டைகிட்ட குங்குமம் மாதிரி செவப்பா ஒரு பொட்டு."

தேவானந்தம் எழுந்து வந்து பொட்டைப் பார்த்தார். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா சரிதா. ஆத்தா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"உளறாதீங்க. ஜெயவேலு சார் வந்தா உண்மையச் சொல்லிடலாம்."

"கிணறு இன்னும் மூடல சரிதா."

ஜெயவேலு கோவளத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து நேரே பத்து மணிக்கு வருகிறார். மாதிரியைப் பார்த்துத் திருப்தியானால், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்து. திருப்தியாகாவிட்டால் என்ன ஆகும் என்று தேவானந்தம் யோசிக்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். மாதிரிமேல் மெல்ல ஓட்டினார்.

"சூலம் செம்பாச்சேங்க, காந்தத்துல ஒட்டாதே!" என்று சரிதா சொல்லி முடிப்பதற்குள், குண்டூசியில் செய்த பதினோரு தெருவிளக்குகளும் டிக் டிக்கென்று கிளம்பிக் காந்தத்தில் தொங்கின.

இருவரும் விளக்குகளைப் பிய்த்துத் திரும்ப நட்டார்கள். அவசரத்தில் இரண்டு வளைந்தன. ஒன்று எங்கோ தெறித்து விழுந்தது. அதைத் தேடித் தேவானந்தம் மறுபடி படுத்தார்.

வாட்ச்மேன் ஏசுபாதம் சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் டியூட்டிக்கு வந்தார். தரையில் வியர்வையில் நனைந்து கிடந்த மனிதரைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா சார், இப்டி வேர்த்துக்கினு கீறீங்க?" என்று ஃபேனை ஐந்தில் வைத்தார்.

புல்வெளியில் காலாற நடந்துகொண்டிருந்த பன்னிரண்டு பேர் பறந்தார்கள். புடவை கட்டிய பெண்மணி ஒருத்தி நீச்சல்குளத்தில் தலைகீழாக விழுந்தாள். மொட்டைமாடியில் ஒரு குடும்பமே போய் இறங்கியது.

"ஃபேன நிறுத்துங்கண்ணா!" என்று சரிதா கத்தினாள்.

மணி ஒன்பது. தேடியது போதும், புதிதாகச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆபீசில் செப்புக் கம்பி ஏது? மேசை டிராயரில் ஜெம் கிளிப் இருந்தது. தேவானந்தம் அதை நிமிர்த்தி, வளைத்து, முறுக்கினார். தடிமனான கம்பி அதற்குமேல் குறுக மாட்டேன் என்றது. கடைசியில் வந்து நின்ற சூலம் ஒன்றரை அங்குலம்.

"நூறால பெருக்குங்க" என்றாள் சரிதா.

பெருக்கினார். "பன்னிரண்டரை அடி."

"வேப்பமரமே பதினாறடிதாங்க!"

"தெரியும். கொஞ்சம் குங்குமம் குடு."

குங்குமம் வைத்தும் அது ஜெம் கிளிப்பாகவே நின்றது. நுனியில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தினால் கண் அதன்மேல் போகும் என்று சரிதாவுக்குத் தோன்றியது. ஏசுபாதத்தின் சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது. அதிலிருந்து மஞ்சளாக ஒரு கடலைப்பருப்பைப் பொறுக்கித் துடைத்து ஒட்டினாள். அளவுப்படி பார்த்தால் ஆத்தாவின் தலையில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது.

அதைப் பிய்க்கத் தேவானந்தம் கையை நீட்டியபோது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஹேமநாத் வழி காட்ட, ஜெயவேலு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, காதுவரை மீசை. "எங்க வூட்டம்மா மார்க்கெட்டாண்ட பூ வாங்கிக்கினு கீறா, பின்னாடியே வருவா" என்றவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வேப்பமரத்து மூலைக்குப் போனார்.

போய் நின்று குனிந்தார். மீசை மாதிரியில் உரசியது. தேவானந்தம் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். சரிதா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ்."

"சா... சார்."

"போன வாரம் நான் பாக்கச் சொல்ல ஆத்தா இத்துனூண்டு இருந்தா. இன்னா இது?"

தேவானந்தம் ஹேமநாத்தைப் பார்த்தார். ஹேமநாத்துக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிளாட் விற்றுப் பழகிய வாய் அவருக்கு.

"சார், அது எங்க சைடுலேருந்து ஒரு சர்ப்ரைஸ்! நாலடி சூலம் உங்க ஆத்தாவுக்குப் போதுமா சார்? பன்னெண்டடி! ஃபுல்லா பித்தளை! ஹைவேலேருந்தே தெரியும் சார்!"

ஜெயவேலுவின் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா வளந்துட்டாய்யா" என்றார். "நான் பொறந்ததுலருந்து நாலடிலயே நின்னுக்கினு இருந்தா. ஏ, கற்பூரம் கொண்டா!"

"சார், தெர்மாகோல் சார்!" என்று தேவானந்தம் அலறினார்.

கற்பூரத்தைத் தட்டில் ஏற்றி, தள்ளி நின்றே காட்டினார்கள். ஜெயவேலு கன்னத்தில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஹேமநாத் விழுந்தார். தேவானந்தமும் விழுந்தார். எழுந்தபோது அவர் முழங்கையில் காணாமல் போன தெருவிளக்கு குத்தியிருந்தது.

பத்து இருபதுக்கு ஜெயவேலு கையெழுத்துப் போட்டார். தேவானந்தத்தின் தோளில் தட்டி, "உன் கையில சாமி கீதுய்யா" என்றார். தேவானந்தம் டார்ச்சைப் பையில் போட்டார். இன்று இரவு சரிதாவை வஞ்சிரம் வறுக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தார்.

அப்போது இரண்டு முழம் கதம்பத்தோடு ஜெயவேலுவின் மனைவி அங்காளம்மாள் உள்ளே வந்தாள். புருஷன் நெற்றிக் குங்குமத்தையும், அணைந்த கற்பூரத் தட்டையும், வேப்பமரத்தடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேல நடக்கற எடத்துல ஆத்தா தூசில நிக்கக் கூடாதுன்னு, நேத்து சாயங்காலமே பூசாரிய இட்டாந்து, மனையில கீற சூலத்தையும் இந்தப் பொம்மைல கீற சூலத்தையும் புடுங்கி, கலசத்துல எறக்கி, நம்ம வூட்டுக்கு எட்த்துக்கினு போயிட்டேனே" என்றாள். கையிலிருந்த பூ கீழே விழுந்தது. "அப்போ, இங்க நின்னு கற்பூரம் வாங்கிக்கினு கீறது யாருய்யா?"