வலியசாலையில் இரண்டு கூகைக் கூடுகள்

"அண்ணாச்சி, மச்சுல என்னமோ சீறுகே?"

எதிர்வீட்டு உலகம்மை காப்பித் தம்ளரைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள்.

பகவதிப்பெருமாள் மேலே பார்க்காமலே சொன்னார். "குக்கராக்கும்."

"குக்கரு மச்சுலயா இருக்கு?"

"வாஷர் போயிட்டு. சத்தம் எங்கயாவது கேக்கும்" என்றாள் அவர் மனைவி சிவகாமியம்மாள், அடுக்களையிலிருந்து.

அன்று குக்கர் அடுப்பிலேயே ஏறவில்லை. கேள்வி கேட்காத மனைவி வாய்த்ததே பாக்கியம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற கணக்கர் அவர். நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு காட்டுயிர் பாதுகாப்பு அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய வயதில், சம்பளமில்லாத இன்டர்ன். நகரத்தில் கூகை ஆந்தைகள் எங்கெங்கே கூடு வைக்கின்றன என்று கண்காணிப்பது வேலை. சொந்த மச்சிலேயே ஒன்று அகப்பட்டபோது, ஒருங்கிணைப்பாளர் ஷிஜாவிடம் 'வலியசாலையில் தெரிஞ்ச ஒருத்தர் வீடு' என்று மட்டும் சொல்லிவைத்தார்.

எல்லாம் சிவகாமியம்மாளுக்குப் பயந்துதான். வீட்டுக்குள் கூகை என்று தெரிந்தால் வற்றல் மிளகாயைப் புகைத்து விரட்டிவிடுவாள். மூன்று குஞ்சுகளுக்கும் இன்னும் பறக்க வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பஜனைக்குப் போனதும் ஏணி வைத்து ஏறி, முதல் தடவையாகத் தாய்க் கூகையைப் பார்த்தார். வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம். இரண்டு கறுப்புக் கண்கள். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் தனக்குப் பெயரில்லை, வயதில்லை என்று தோன்றியது. கால் மரத்துப்போன பிறகுதான் இறங்கினார்.

மறுநாள் உலகம்மை மூக்கைச் சுளித்தாள். "நாத்தமும் வருகே."

"எலி செத்துக் கிடக்கும்."

"எங்க வீட்டுல கொத்தன் சும்மாத்தான் நிக்கான். ஏறி எடுக்கச் சொல்லுகேன்."

அவர் எழுந்துவிட்டார். "ஏறப்பிடாது. பாம்பு கிடக்கு."

"பெரிசாக்கும். நானும் வாலைப் பாத்தேன்" என்றாள் சிவகாமியம்மாள் சட்டென்று.

இல்லாத பாம்புக்கு இவள் எப்படி வாலைப் பார்த்தாள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. உலகம்மை தெருவுக்கு ஓடிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் வாசலில் ஊரே கூடிவிட்டது. பாம்பு பிடிக்க யாரோ போன் செய்திருந்தார்கள். கொக்கிக் கம்பும் பையுமாக ஸ்கூட்டரிலிருந்து இறங்கியது ஷிஜா.

"சாரே, நீங்க இவிடயா?"

இனி மறைக்க வழியில்லை. "பாம்பில்ல மோளே. கூகை. குஞ்சு இருக்கு, யாரையும் ஏற விட்டுராதே."

அப்போதுதான் தெருவில் விளக்கு வைத்தார்கள். ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு வெண்மை நழுவி வெளியே வந்தது. அத்தனை பெரிய சிறகுகள் அசைந்தன, ஆனால் ஓசையே இல்லை. தலைகளுக்கு மேலே தாழ்ந்து, தென்னைகளைத் தாண்டி அது மறையும்வரை எல்லாக் கண்களும் அதன் பின்னாலேயே போயின.

வருவது வரட்டும் என்று பகவதிப்பெருமாள் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கண்கள் நனைந்திருந்தன.

ஷிஜா அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"சிவகாமி ஆன்ட்டி, கூகையைக் கண்டா அடிச்சுத் துரத்திருவாருன்னு சொன்னீங்களே, அந்த வீட்டுக்காரரு நம்ம சாரா? அப்போ என் சனிக்கிழமை இன்டர்னும் ஞாயித்துக்கிழமை இன்டர்னும் எனக்கு எழுதித் தாறது ஒரே கூடா?"