தெற்குப் பார்த்த வெந்நீர்

பென்னலூர்,
மார்கழி மாதம், 1991.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. இராமச்சந்திரன் அவர்கள் திருமுன்னர், நடேசன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், சம்பந்தியம்மா கங்கா அவர்களும், மாப்பிள்ளை ராஜசேகரும், மாசமாக இருக்கும் என் மகள் சசிகலாவும் வில்லிவாக்கத்தில் நலமாக இருக்க வேண்டுமென்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. இவ்விடம் நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். மற்றபடி மூக்கு ஒரு வாரமாக ஒழுகுகிறது, தொண்டை கட்டிக்கொண்டது, குளிர்ந்த தண்ணீரில் குளித்துக் குளித்து முதுகு பிடித்துக்கொண்டது. அந்த விவரத்தைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். பெரிய மனது பண்ணிக் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும்.

தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது தங்களுக்குத் தெரியாததில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போகத்தான் நான் டாக்சி பேசிக்கொண்டு வந்திருந்தேன். வளையல் அடுக்கிய கையோடு சசிகலாவும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்போது சம்பந்தியம்மா என்னைத் தங்கள் வீட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போய், சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி, “இது கீசர்ங்க, சுவிட்சைத் தட்னா வெந்நீர் வந்துகினே இருக்கும், உங்க வூட்ல இன்னா வசதி கீது?” என்று கேட்டார்கள். நான் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன் என்றதற்கு, இப்ப கரண்டு கம்மியா கீது என்றார்கள். எங்க வீட்டில் மண் அடுப்பும் செம்பு அண்டாவும் இருக்கிறது என்றேன். “பொம்பள இல்லாத வூட்ல அந்த அடுப்பை யாருங்க ஊதறது, புள்ள பெத்த பொண்ணா?” என்றார்கள். என் வீட்டுக்காரி பாஞ்சாலி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை சம்பந்தி. பெண்ணை விட்டுவிட்டு வெறும் டாக்சியில் திரும்பினேன். பூந்தமல்லி தாண்டும்போது மனசுக்குள்ள ஒன்று முடிவு பண்ணேன். தை பிறக்கறதுக்குள்ள என் வூட்லயும் ஊதாத வெந்நீர் வரணும், வந்தா பொண்ணு வந்துடும்.

நான் நெனைச்ச நேரம், ஒரகடம் ரோட்டுல புதுசா வந்திருக்கிற பேக்டரிக்காரங்க எங்க தெருவுக்கு வந்தாங்க. நாங்க வெறகு வெட்டிக்கினு இருந்த வேலிகாத்தான் முள்ளுக் காட்டை வளைச்சுக் கம்பி வேலி போட்டவங்க அவங்கதான், அதுக்கு ஈடா எங்களுக்கு ஒரு நல்லது பண்றாங்களாம். மச்சு வூடு எதுவோ அதும்மேல கண்ணாடி மூடின கறுப்புப் பலகை ஒண்ணு, அதுக்குத் தோதா ஒரு தொட்டி. வெயில் பலகைல பட்டுத் தண்ணி சூடாயி தொட்டிக்கு ஏறும், ராத்திரி முழுக்கச் சூடு ஆறாது, காலைல குழாயைத் தொறந்தா வெந்நீர். கரண்டு வேணாம், வெறகு வேணாம், பொகை கெடையாது. வெல்ஃபேர் ஆபீசர் சொல்லச் சொல்ல எனக்கு சம்பந்தியம்மா மொகம்தான் எதிர்ல நின்னுது. மொதல் ஆளா கையெழுத்துப் போட்டேன். ஆனா ஒரு கண்டிஷன். பழைய அண்டாவைக் கம்பெனில ஒப்படைக்கணும், வெந்நீர் அடுப்பை இடிக்கணும், ஏன்னா இது பொகையில்லா கிராமம்னு அவங்க மேலிடத்துக்குப் போட்டோ அனுப்பணுமாம்.

அந்த அடுப்பு பாஞ்சாலி கையால போட்டது சம்பந்தி. ஏரிக் களிமண்ணு, தவிடு, சாணி எல்லாம் போட்டு மிதிச்சு, விரிசல் விட்டா வருஷா வருஷம் பூசி மெழுகும். ஒரு எடத்துல பாஞ்சாலியோட நாலு விரல் தடம் இருந்துச்சு. நான் கடப்பாறைய எடுத்துகினு போயி அந்தத் தடத்தைப் பார்க்காம வேற பக்கமா ஓங்கினேன். போட்டோக்காரர், “சார், கொஞ்சம் சிரிங்க, இன்னொரு தடவை ஓங்குங்க” என்றார். சிரிச்சேன். அந்தப் போட்டோல நான் பல்லைக் காட்டிகினு கீறேன். அண்டாவை ரெண்டு பேர் வேன்ல ஏத்திகினு போனாங்க.

பலகையை மாட்டறதுக்கு ஒரு சூப்பர்வைசர் தம்பி வந்தாரு. திசை காட்டற டப்பியை வெச்சுப் பார்த்து, எல்லாப் பலகையையும் ஒரே மாதிரி தெற்குப் பார்க்க சாய்ச்சு வெச்சுட்டு, நாளன்னிக்கு வெந்நீர் ரெடின்னு சொல்லிட்டு ஜீப்ல போயிட்டாரு. அவரு ஜீப்பு மண்ணூர் தாண்டியிருக்காது, தெருவே என் மச்சு மேல ஏறிடுச்சு. தெற்கா. தெற்கு எமன் பக்கமாச்சே, அந்தப் பக்கம் வாய தொறந்துகினு இவ்ளோ பெரிய கண்ணாடிய வெச்சா எவன் வூட்ல எது நெலைக்கும். பக்கத்து வூட்டு ஞானம்மா சர்ச்சுக்குப் போறவங்க, அவங்களே, “எங்களுக்கு எமன் கெடையாதுண்ணே, இருந்தாலும் எதுக்கு வம்பு, எங்களதையும் சேர்த்துத் திருப்பிடுங்க” என்றாங்க. பாஞ்சாலிய தெற்கே தலை வெச்சுக் கெடத்தின கை இது. அதே பக்கம் பார்த்து ஒரு சாமானை வெச்சு, அந்தத் தண்ணிய புள்ளத்தாச்சிப் பொண்ணு தலைல ஊத்துவனா. கொத்தனார் சுப்பிரமணிய கூப்பிட்டு நான்தான் மொதல்ல திருப்பச் சொன்னேன். சூரியன் கிழக்காலதானே மொளைக்குது, அந்தப் பக்கம் வெச்சா சூடு முன்னாடியே வந்துடும்னு அவனும் சொன்னான். சாயங்காலத்துக்குள்ள தெருவுல இருக்கிற அத்தினி பலகையும் கெழக்குப் பார்த்துடுச்சு.

வெந்நீர் வரல. மறுநாள் வரல, அதுக்கு மறுநாளும் வரல. கிழக்கால கோயில் அரசமரம் நிக்குது, அதோட நெழல் வுட்டு வெலகவே உச்சி ஆயிடுது. அது போதாதுன்னு, திருப்பும்போது குழாய் எட்டலன்னு சுப்பிரமணி தொட்டிய ஒரு படி கீழ எறக்கி வெச்சுட்டான். மூணு மணிக்குக் குழாயைத் தொறந்தா கைக்குழந்தை மூத்திரம் போல வெதுவெதுன்னு ஒரு சொம்பு வருது, அதையும் ஞானம்மா வூட்டுப் பையன் பேக்டரில மொதல் ஷிப்ட் முடிச்சு வந்து எனக்கு முன்னாடி எங்க குழாய்லயே புடிச்சுகினு போயிடறான். விடிகாலைல கையை வெச்சா வெரல் மரத்துப் போவுது. ஊர்ப் பொம்பளைங்க பாவம், சும்மா கெடக்குதேன்னு பலகை மேல வடாம் போட்டாங்க. அது நல்லாக் காயுது. அந்த வரைக்கும் கம்பெனிக்கு நன்றி சொல்லணும்.

சூப்பர்வைசர் தம்பிய ஆள் அனுப்பி வரவழைச்சோம். அவரு தெருமுனைல நின்னு அண்ணாந்து பார்த்தாரு, எங்க மச்சுங்க மேல அத்தினி பலகையும் கோயிலுக்கு நேரா நின்னுகினு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு வெள்ளைத் துணி, துணி மேல வடாம். யாருங்க இதைத் திருப்பினது என்றாரு. சுப்பிரமணி அவங்கிட்ட இல்லாத ஒரு ஆட்டைத் தேடிகினு போனான். தம்பி கோவப்படல, என் மச்சுல வந்து உக்காந்து பொறுமையா சொன்னாரு. “மார்கழில சூரியன் தெற்கே சாஞ்சு போறாரு ஐயா, நம்ம தெற்கே பார்க்காட்டி அவரு நம்மளப் பார்க்காம போயிடுவாரு. அதோட சுடுதண்ணி தானா மேல ஏறும், தொட்டி கீழ இருந்தா அது எங்க போவும்?” நியாயமான பேச்சு. எனக்கு விளங்கிச்சு. ஒருத்தர் ஒத்துகினா ஊரே ஒத்துக்கும், நீங்க மொதல்ல சரின்னு சொல்லுங்க ஐயா என்றாரு. நான் தெற்குப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துகினு இருந்தேன். அந்தப் பக்கம் சுடுகாடு தெரியாது, வேலிதான் தெரியும், ஆனாலும் என்னால ஆவல சம்பந்தி. பொண்ணு வரணும்னுதான் வெந்நீர் கேட்டேன். அந்த வெந்நீரு இந்தப் பக்கம் பார்த்துதான் வரும்னா, வேணாம் தம்பி என்றேன். அவரு பையை எடுத்துகினு போயிட்டாரு. தெருவே என்னைய மெச்சுது. மெச்சிட்டு எல்லாரும் போயி பச்சைத் தண்ணில குளிச்சாங்க.

சரி, பழையபடி மண் அடுப்பே போட்டுக்கலாம்னா வெறகு வேலிக்கு உள்ளார கீது. அண்டாவையாவது திருப்பிக் கேக்கலாம்னு பேக்டரிக்குப் போனேன். கேட்டுல வாட்ச்மேன் உள்ள வுடல, வுடாட்டியும் பரவால்ல, அண்டா கேட்டுலயே இருந்துச்சு. மண்ணைப் போட்டு ரொப்பி, குரோட்டன்ஸ் செடி வெச்சு, சுத்தி வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்காங்க. பாஞ்சாலி பொறந்த வூட்டுச் சீரு அது, விளிம்புல பேரு பொறிச்சிருக்கும், பேரு பக்கம் ரோட்டைப் பார்த்து கீது. பஸ்ல போறவங்க எல்லாம் பாஞ்சாலி பேரைப் படிச்சுகினு போறாங்க. நான் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, நான் தோற்றுவிட்டேன் என்பதைத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன். என் வீட்டில் வெந்நீர் இல்லை, பார்த்துக்கொள்ளப் பெண்துணையும் இல்லை. சம்பந்தியம்மா அன்றைக்குச் சொன்னதே சரி. சசிகலாவுக்குத் தங்கள் வீட்டிலேயே பிரசவம் நடக்கட்டும். கீசரில் சூடாக ஊற்றி அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முதுகில்தான் சூடு வேண்டும், பாஞ்சாலி அப்படித்தான் ஊற்றும். குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதினால் நான் வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். தங்கள் இருவருக்கும் என் வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசீர்வாதம், பிறக்கப் போகும் பேரப்பிள்ளைக்கு நூறு ஆயுசு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
நடேசன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குப் பசை தேடிகினு இருக்கும்போது வாசல்ல சசிகலா வந்து நின்னா. மாப்பிள்ளை பையைத் தூக்கிகினு பின்னாடி வந்தாரு, உங்க கிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பினாங்களாம். இன்னாம்மா, அங்க வெந்நீர் வசதியெல்லாம் வுட்டுட்டு இந்தக் குளிர் வூட்டுக்கு வந்துட்டியே என்றேன். “இன்னா வெந்நீருப்பா, அந்தக் கீசரு தீபாவளிலேர்ந்தே ஓடல. விடிகாலைல எழுந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல வூட்ல அத்தினி பேருக்கும் தண்ணி காய வெச்சுத் தூக்கிகினு போயி ஊத்தறது நான்தான். அதுக்குத்தான் வுட மாட்டேன்னாங்க” என்றா. மாப்பிள்ளை தரையைப் பார்த்துகினு நின்னாரு. அன்னிக்கு கரண்டு கம்மின்னாங்களே சம்பந்தியம்மா, ஹால்ல ஃபேன் ஜோரா ஓடிகினு இருந்தது எனக்கு இப்பதான் ஞாபகத்துக்கு வருது. நெறமாசப் பொண்ணு தவலையத் தூக்கியிருக்கு. எனக்கு வயிறு எரியுது சம்பந்தி, அதை நேராவே எழுதிட்டேன்.

மச்சு மேல பலகையையும் வடாமையும் பார்த்து அவ சிரிச்சா. நடந்ததெல்லாம் சொன்னேன், தெற்கு விஷயத்தையும் சொன்னேன். அதுக்கு அவ, “எமன் பக்கம்னா இன்னாப்பா, அம்மா போன பக்கம்தானே. அந்தப் பக்கம் பார்த்தே வெய்யி, அம்மா பார்த்துக்கும்” என்றா. இதை எழுதும்போது சுப்பிரமணி மேல ஏறித் தொட்டிய ஒசத்திகினு இருக்கான், சூப்பர்வைசர் தம்பிக்கு ஆள் போயிருக்கு, ஞானம்மா கீழ நின்னுகினு அடுத்தது எங்களதுன்னு சொல்லிகினு கீறாங்க. அது வரைக்கும் பலகை வந்த மரப்பெட்டிய ஒடைச்சு மூணு கல்லு வெச்சு மாப்பிள்ளை அடுப்பு ஊதிகினு இருக்காரு, பழக்கமில்ல, கண்ணெல்லாம் செவந்துடுச்சு. ஆகவே மேலே பிரசவத்தைப் பற்றி எழுதினதை அடிச்சுட்டுப் படிக்கவும். பொண்ணு இங்கதான் இருப்பா. நீங்களும் சம்பந்தியம்மாவும் குழந்தையப் பார்க்க வரும்போது அங்க குளிச்சுட்டு வர வேணாம், இங்க வந்து குளிச்சுக்கலாம்.